முதல் இலையும் என் முழங்காலும்

20.1.2025, திங்கள்

இதற்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். எண்பது பக்கம், கோடு போட்டது. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். என்னென்ன வரப்போகிறது என்று முதலில் எழுதிக்கொள்ளாவிட்டால் எனக்கு எதிலும் கை ஓடாது. ஆகவே இந்த நோட்டில் வரப்போகிறவை:

1. மாசி முதல் ஞாயிறு, அதாவது பிப்ரவரி 16 அன்று, எங்கள் குடும்பம் செவ்வேரி மலை ஏறப்போவது.

2. என் பேத்தி நிவிதாவுக்கு, வயது ஏழு, விலங்குகள் என்றால் பயம். அதை இருபத்தேழு நாளில் போக்க நான் வகுத்த திட்டம்.

3. எனக்கு அந்தப் பயம் கிடையாது. நான் மலை ஏறாததற்குக் காரணம் முழங்கால்.

4. 1962-ல் அந்த மலையில் நடந்தது. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எழுதுவேனா என்று உறுதி சொல்ல முடியவில்லை.

5. முடிவு.

விவரம் தெரியாமல் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் குழம்பக் கூடாது. எங்கள் குலதெய்வம் பாறை அய்யனார், மலை உச்சியில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போவோம். மேலே அடுப்பு மூட்ட வனத்துறை விடாது என்பதால் அடிவாரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, தூக்குவாளியில் மேலே கொண்டுபோவது. சாமிக்குப் படைத்ததும் முதல் இலை குரங்குகளுக்கு. யார் தோளிலும் ஏறாமல் தன் காலால் நடந்து வந்தவர்களில் யார் சின்னவரோ, அவர்தான் அந்த இலையைத் தனியாகக் கொண்டுபோய்க் குரங்குப்பாறையில் வைக்க வேண்டும். ஒரு குரங்காவது அதில் கை வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. கை வைக்காவிட்டால் அந்த வருடம் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

போன முறை நிவிதா அவள் அப்பன் தோளில் போனாள், கணக்கில் வரவில்லை. இந்த முறை அவள் முறை.

22.1.2025, புதன்

திட்டத்தின் முதல் படி, கணக்கெடுப்பு. நிவிதாவை உட்கார வைத்து எதற்கெல்லாம் பயம் என்று கேட்டு எழுதினேன். நாய், கட்டிப்போட்ட நாய் (இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொன்னாள்), பூனை, பல்லி, ஆடு, மரவட்டை, கோழி, காகம், பாடப் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கும் முதலை. கோழி ஏன் என்று கேட்டேன். அது ஒரு கண்ணால் பார்க்கிறது, இன்னொரு கண்ணால் என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

எறும்புக்கு மட்டும் பயப்பட மாட்டாள். அது நம் வீட்டு ஆள் என்கிறாள்.

பட்டியல் முடிந்ததும், "உனக்கு எதெல்லாம் பயம் தாத்தா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அதையும் எழுதச் சொன்னாள். 'தாத்தா: ஒன்றும் இல்லை' என்று கடைசி வரியில் எழுதினேன். பென்சிலால்.

23.1.2025, வியாழன்

வகுப்பில் எல்லாரிடமும், மலையில் போய்க் குரங்குக்குச் சோறு வைக்கப்போவதாக நிவிதா சொல்லிவிட்டாளாம். படம் எடுத்து வந்து காட்டுவதாக மிஸ்ஸிடமும் சொல்லியாயிற்று. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதாள் என்று மருமகள் சுபாஷினி சொன்னாள்.

26.1.2025, ஞாயிறு

போடியிலிருந்து ராசாமணி அக்கா வந்தாள். வயது எழுபத்து நாலு, என்னைவிட நாலு வயது மூத்தவள். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெறும்போது மேசை நாற்காலி எல்லாவற்றையும் ஒப்படைத்தவள் விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. இன்றும் கழுத்தில் தொங்குகிறது. நிவிதா அவளை விசில் பாட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

சாப்பிடும்போது பேச்சு மலையைப் பற்றி வந்தது. நிவிதா தட்டைப் பார்த்துக்கொண்டே, தாத்தா மேலே வந்தால்தான் தானும் வருவதாக அறிவித்தாள். தாத்தா ஒன்றுக்கும் பயப்படாதவர், எழுதியே கொடுத்திருக்கிறார் என்று காரணமும் சொன்னாள்.

எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. வழக்கமாக நான் அடிவாரத்தில் இருந்து செருப்புகளையும் வண்டியையும் பார்த்துக்கொள்வேன். அதுவும் ஒரு பொறுப்புதானே.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை என்னடா தம்பி? அதே முழங்கால்தானா, இல்ல புதுசா எதும் வச்சிருக்கியா?" என்றாள்.

மகன் கோபிநாத்துக்கு அந்த நேரம் பார்த்துப் புரையேறியது. சுபாஷினி தண்ணீர் எடுத்துவர அடுக்களைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் மேசைமேலேயே இருந்தது. இதைக் குறித்துவைக்கிறேன், காரணம் விளங்கவில்லை.

28.1.2025, செவ்வாய்

என்மீது ஏதோ சந்தேகம் இருப்பதாகத் தோன்றுவதால் பழைய பதிவுகளைச் சரிபார்த்தேன். 1962-க்குப் பிறகு இருபது முறை மலை ஏறியிருக்கிறார்கள். நான் போகாததற்கு இருபது காரணங்கள் இருக்கின்றன. 1965-ல் காய்ச்சல். 1968-ல் பரீட்சை. 1971-ல் செய்முறைத் தேர்வு. 1974-ல் செருப்புக் கடி. 1977-லும் 1980-லும் மறுபடி பரீட்சை. 1983-லிருந்து 2013 வரை வினாத்தாள், விடைத்தாள், மறுகூட்டல். 2016-லிருந்து முழங்கால். எல்லாம் உண்மையான காரணங்கள். செருப்புக் கடி மட்டும் சற்றுச் சிறியது.

மாலையில் எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சார், இது நாப்பது வயசுக்காரர் முழங்கால், தாராளமா மலை ஏறலாம்" என்றார். டாக்டர்களும் தவறு செய்வதுண்டு.

1.2.2025, சனி

திட்டத்தின் இரண்டாம் படி, தேர்வு. 'காட்டு விலங்குகளும் நாமும்' என்ற தலைப்பில் ஐம்பது மதிப்பெண்ணுக்கு வினாத்தாள் தயாரித்தேன். அரை மணி நேரம். நிவிதா அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

கேள்வி: குரங்கு எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும்?
பதில்: தாத்தாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

கேள்வி: கரடி வந்தால்?
பதில்: தாத்தாவுக்கு ரொம்பப் பின்னால் நிற்க வேண்டும்.

கேள்வி: பாம்பைக் கண்டால்?
பதில்: தாத்தா என்று கத்த வேண்டும்.

நாற்பத்தெட்டு போட்டேன். கையெழுத்துக்கு இரண்டு குறைத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அவள் எனக்குப் பின்னால் நின்றால் நான் யாருக்குப் பின்னால் நிற்பது என்ற கேள்வி எழுந்தது. வினாத்தாளில் அதற்கு இடம் விடவில்லை.

2.2.2025, ஞாயிறு

மூன்றாம் படி, ஒத்திகை. குரங்குக்குப் பதில் காகம். சுபாஷினி தினமும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காகத்துக்குச் சோறு வைப்பது வழக்கம். இன்று அதை நிவிதா வைப்பது, பிறகு பத்தடி பின்வாங்கி நிற்பது, நான் பக்கத்தில் நின்று எண்ணுவது என்று ஏற்பாடு.

வைத்தாள். சிந்தாமல் வைத்தாள். நான் "ஒன்று, இரண்டு" என்று எண்ணத் தொடங்கினேன். மூன்று என்பதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எதிர்பாராத உயரத்தில் எதிர்பாராத வேகத்தில் ஒரு அண்டங்காக்கை வந்தது. அதன் இறக்கை அகலத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். இருவரும் படிக்கட்டுப் பக்கம் ஓடினோம். குழந்தையின் பாதுகாப்பை எண்ணி உடனே மாடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

தாழ் போட்ட பிறகுதான் குழந்தை வெளியே இருப்பது தெரிந்தது.

தாழ்ப்பாள் சற்றுத் துருப்பிடித்தது. திறப்பதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அல்லது இரண்டு. திறந்தபோது நிவிதா தொட்டியை ஒட்டி முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். சுவரில் சோறு இல்லை.

"அது போயிருச்சு தாத்தா," என்றாள். "நீ வெளிய வரலாம்."

3.2.2025, திங்கள்

மாடிக் கதவுக்கு உட்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் வைத்தது நல்ல அமைப்பு இல்லை என்று கோபியிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான், தோள் மட்டும் குலுங்கியது.

9.2.2025, ஞாயிறு

நான்காவது குறிப்பைப் பாதியாவது எழுதிவிடுகிறேன்.

1962. எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. நான் முதல் தடவையாகத் தோளில் ஏறாமல் வந்திருந்தேன். வழியெல்லாம் அப்பா மற்றவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். உச்சியில் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, சூடு ஆறாத பொங்கலை இலையோடு வைத்தார். குரங்குப்பாறைக்கு அப்போது ஈச்சம்புதரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றினால் பின்னால் யாரும் தெரிய மாட்டார்கள்.

பாறைமேல் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது.

கொட்டாவிதான். இன்றைக்கு அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று அந்தப் பற்களைத்தான் பார்த்தேன்.

மீதி பிறகு.

13.2.2025, வியாழன்

இன்று மாசி ஒன்று. மீதி:

இலையைப் புதருக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மா, "சாப்டுச்சாடா?" என்று கேட்டாள். "சாப்டுருச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், இலை போட்டார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அக்காவும் அன்று பசியில்லை என்று பாதி இலையோடு எழுந்துவிட்டாள். தன் இலையை முடித்துவிட்டு என் இலையிலிருந்தும் எடுத்துத் தின்கிறவள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நாள் முழுதும் நடுங்கினேன். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் வீட்டு மாமரம் காய்க்கவில்லை. அப்பாவை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். எனக்கு அம்மை போட்டது. மூன்றுக்கும் காரணம் யார் என்று அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

பிற்காலத்தில் தேர்வு அறையில் துண்டுச் சீட்டோடு பிடிபட்ட மாணவனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் காது சூடாகிவிடும். ஒருவனைக்கூட நான் அதட்டியதில்லை. கண்டிப்புப் போதாது என்று எனக்குப் பேர்.

இதை எழுதிவிட்டேன் என்பதே ஆச்சரியமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிவிதா கையில் அதே மாதிரி இலையை வைப்பார்கள். நான் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருந்தால், அவளும் அறுபது வருடத்துக்கு ஒரு பொய்யைச் சுமக்க நேரலாம். அதனால் போகிறேன். முழங்காலுக்குப் பட்டை வாங்கியாயிற்று.

15.2.2025, சனி

எடுத்துக்கொள்பவை: தண்ணீர் ஆறு பாட்டில், கைத்தடி இரண்டு, முழங்கால் பட்டை, தைலம், முதலுதவிப் பெட்டி, விடைத்தாள் (நிவிதா கேட்டதால்), இந்த நோட்டு.

நடை வரிசை: முன்னால் அக்கா, அடுத்து கோபி, அடுத்து நிவிதா, அடுத்து நான், கடைசியில் சுபாஷினி. பின்னாலிருந்தும் ஆபத்து வரலாம் என்று பிறகு தோன்றியதால் திருத்தினேன்: அக்கா, கோபி, நான், நிவிதா, சுபாஷினி. எப்படிப் போட்டாலும் நான் நடுவில் வருவது தற்செயல்.

நிவிதாவுக்குப் பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னும் பழக்கம் உண்டு. நாளை அப்படிச் செய்யக் கூடாது என்று அவள் அம்மா கண்டித்தாள்.

16.2.2025, ஞாயிறு

காலை 5.20. வண்டி வந்துவிட்டது. வலது முழங்காலில் லேசான வலி. இடதிலும்.

17.2.2025, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலி. இன்றும் பேனா பிடித்தால் சிரிப்பு வருகிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

அடிவாரத்தில் பொங்கல் வைத்து இறக்கியபோது மணி எட்டு. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பாட்டில்களை எண்ணிச் சீட்டுக் கொடுத்தார்கள். எங்களோடு சின்னக்காளை என்ற வேட்டைத் தடுப்புக் காவலரை அனுப்பினார்கள். ஒடிசலான மனிதர், அதிகம் பேசுவதில்லை. கரடி உண்டா என்று நான் பொதுவாக விசாரித்தேன். போன வாரம் ஒன்று தென்பட்டதாக, பஸ் வரும் நேரம் சொல்வது போலச் சொன்னார். பட்டையை இரண்டாவது முழங்காலுக்கும் கட்டிக்கொண்டேன்.

அக்கா விசில் ஊதினாள். ஏறத் தொடங்கினோம்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை, சருகு மட்டும்தான் சத்தம் போட்டது. பிறகு தலைக்கு மேலே ஒரு கிளை ஆடியது. மலை அணில். நம் வீட்டு அணிலை நாலைந்து சேர்த்துத் தைத்துச் செம்பட்டை அடித்தது போல இருந்தது. விடைத்தாளில் எழுதியபடி நிவிதா என் பின்னால் போய் நின்றாள். நான் கோபி பின்னால் நின்றேன். கோபி அதைப் போட்டோ எடுக்க நகர்ந்துவிட்டதால் நான் அக்கா பின்னால் போனேன். அக்கா திரும்பிப் பார்த்து, "ரயில் விளையாட்டாடா வெளாடுறீங்க?" என்றாள்.

இரண்டாவது மேட்டில் சின்னக்காளை கையைத் தூக்கி நிறுத்தினார். பாதையில் ஒரு காட்டுமாடு. தனியாக நின்றது. முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டது போல, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்தது போல. மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. நிவிதாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. அல்லது என் கை அவள் கையை. அந்த நேரத்தில் அதைத் தீர்மானிக்க முடியவில்லை.

"தாத்தா," என்று காதருகில் காற்று போலச் சொன்னாள், "இது கேள்வித்தாள்ல வரவே இல்லையே."

"பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து கேட்டுட்டாங்க," என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. அந்தச் சத்தத்துக்கு மாடு எங்களை ஒரு முறை பார்த்தது. பிறகு இந்தக் கூட்டத்தோடு நமக்கென்ன என்பது போல மெதுவாகப் பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. சின்னக்காளை முதல் முறையாகச் சிரித்தார்.

உச்சிக்கு வரும்போது பத்தரை. நிவிதா ஓர் அடிகூடத் தோளில் ஏறவில்லை. நானும்தான்.

அய்யனாருக்குப் படைத்து முடித்ததும், குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று சின்னக்காளை சட்டம் சொன்னார். ஒரே ஓர் இலை, சாமி காரியம், இலையையும் திரும்ப எடுத்துவிடுகிறோம் என்று அக்கா சொன்னாள். அவர் மேற்குப் பக்கம் திரும்பி நின்று, கீழே தெரிந்த அணைக்கட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

ஈச்சம்புதர் இப்போது இல்லை. வெட்டவெளி. குரங்குப்பாறை அப்படியே இருந்தது. பக்கத்து மரத்தில் ஐந்தாறு குரங்குகள். கோபி இலையை மகள் கையில் வைத்தான். சூடு ஆறாத பொங்கல். நிவிதா நடந்தாள். ஒன்று, இரண்டு என்று நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்றில் நின்றுவிட்டாள்.

பின்னால் திரும்பவில்லை. முன்னாலும் போகவில்லை. இலையின் ஓரம் மட்டும் நடுங்குவது எனக்கு இங்கிருந்து தெரிந்தது. கோபி ஓர் அடி எடுத்து வைத்தான். நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். எதற்காக என்று தெரியாது. பிறகு பார்த்தால் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் கால் நின்றுவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, அறுபத்து மூன்று வருடத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"நிவி, நான் ஏழு வயசுல இதே எடத்துல இலையக் கீழ போட்டுட்டு ஓடிட்டேன்."

அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள். "அப்புறம் கொரங்கு சாப்டுச்சா?"

"தெரியாது. சாப்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

"எங்க மிஸ்கிட்ட போட்டோ காட்டணும் தாத்தா. பொய் சொல்ல முடியாது," என்றாள். "நீ அந்தப் பக்கம் பிடி."

இலையின் ஒரு நுனியை அவளும் மறு நுனியை நானும் பிடித்துக்கொண்டு, அடிபட்டவரைத் தூக்கிப்போவது போலப் பக்கவாட்டில் நடந்து போய்ப் பாறையில் வைத்தோம். பின்னால் பத்தடி. நான் வாய்விட்டு எண்ணினேன். ஒன்பதுக்கு அப்புறம் என் குரல் வரவில்லை, பத்தை அவள் சொன்னாள்.

நின்றோம். குரங்குகள் வரவில்லை.

கால் மணி நேரம் ஆனது. ஒன்று பேன் பார்த்தது, ஒன்று தூங்கியது. இலைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சாவடிப் பக்கம் வருகிற கூட்டம் சிப்ஸ் போட்டுப் பழக்கிவிட்டதாகச் சின்னக்காளை அணைக்கட்டைப் பார்த்தபடியே சொன்னார். அரை மணி நேரம் ஆனது. காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. நிவிதாவின் உதடு பிதுங்கத் தொடங்கியது. மாமரமும் ராமநாதபுரமும் அம்மையும் எனக்கு நினைவு வந்தன. இந்தத் தடவை ஒழுங்காக வைத்தோமே, இன்னும் என்ன என்று அய்யனாரைப் பார்த்தேன்.

அப்போது அக்கா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நேராகப் பாறைக்குப் போனாள். இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

நான் என்னை மறந்து கத்திவிட்டேன். அது குரங்குக்கு வைத்தது, தொடக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்றேன்.

அக்கா மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "போன தடவை தின்னப்பவே ஒண்ணும் ஆகல. இப்ப என்ன ஆயிரப்போகுது?"

"எந்தத் தடவை?"

"நீ பொதருல போட்டுட்டு ஓடுனியே, அந்தத் தடவைதான். ஒனக்குப் பின்னாலயே வந்தேன்டா. நெய் வாசம் தாங்கல. மண்ணு ஒட்டுனத ஒதுக்கிட்டு மிச்சத்தத் தின்னுட்டேன். திரும்பி வந்தா, நீ அம்மாகிட்ட கண்ண உருட்டிக்கிட்டு 'கொரங்கு சாப்டுருச்சு'ங்கிற. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, அதான் பாதி எலையோட எந்திரிச்சுட்டேன்."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாருக்கு அடி விழும்? சாமி எலையத் தின்னவளுக்குத்தான்," என்றாள்.

அப்படியானால் மாமரம் காய்க்காமல் போனது எதனால் என்றேன். அதற்கு முந்தின வருடமும் அந்த மரம் காய்க்கவில்லையாம். அப்பாவின் மாற்றல் உத்தரவு பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டதாம். அம்மை எங்கள் தெரு முழுவதும் போட்டதாம். இதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று நினைவிருக்கிறது. எனக்கு அந்தக் கொட்டாவி மட்டும்தான் நினைவிருந்திருக்கிறது.

அதற்குள் கோபி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுபாஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, தப்பா நெனைக்காதீங்க. எங்க கல்யாணத்தன்னைக்கே போடி அத்தை எங்கிட்ட இதச் சொல்லிட்டாங்க," என்றாள். கோபிக்குப் பத்து வயதிலேயே தெரியுமாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை நான் என்ன காரணம் சொல்வேன் என்று இவர்கள் முன்கூட்டியே ஆளுக்கொன்று எழுதி வைத்துப் பார்ப்பார்களாம். செருப்புக் கடியை இன்றுவரை எந்தக் காரணமும் மிஞ்சவில்லையாம்.

கோபப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் எனக்கே வந்துவிட்டது. சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து, சத்தமாக, அந்த மலை முழுக்கக் கேட்கும்படி. அறுபத்து மூன்று வருடம் ஒரு குரங்குக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறேன், அந்தக் குரங்கு போடியிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து அப்பளம் தின்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து, விசிலை எடுத்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தாத்தா. ஷ்ஷ்."

நிவிதாவின் குரல். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளைக் கவனிக்கவில்லை. அவள் பின்வாங்கின இடத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அக்கா எழுந்து வந்த இடத்தில், இலைக்கு முன்னால், குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்தது. இலையிலிருந்து எதையோ விரலால் தேடித் தேடி எடுத்தது. நிவிதாவுக்கும் அதற்கும் நடுவில் பத்தடிதான். அவள் உடம்பு அசையவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

"முந்திரிய மட்டும் எடுக்குது தாத்தா. பாரு. பொங்கலத் தொடவே இல்ல."

பிறகு தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பொருள் எல்லாருக்கும் விளங்கியது.

கோபி போட்டோ எடுத்தான். அக்கா இந்த முறை விசில் ஊதவில்லை, கையால்தான் சைகை காட்டினாள், இலை போடலாம் என்று. அவ்வளவு நேரமும் நான் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றேன் என்பதைப் பதிவு செய்கிறேன். முழங்கால்தான் காரணம்.

18.2.2025, செவ்வாய்

போட்டோவைப் பார்த்துவிட்டு வகுப்பில் கைதட்டினார்களாம். படத்தின் ஓரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பது யார் என்று மிஸ் கேட்டாராம். எங்க தாத்தா, அவர் தூங்கவில்லை என்று நிவிதா சொன்னாளாம்.

மேசைமேல் என் பழைய கணக்கெடுப்புத் தாள் கிடந்தது. கடைசி வரியில் 'ஒன்றும் இல்லை' என்று நான் பென்சிலால் எழுதியதை யாரோ அழித்துவிட்டு, 'காக்கா, அணில், காட்டுமாடு, குரங்கு, விசில் பாட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு மறுபடியும் இரண்டு மதிப்பெண் குறைக்க வேண்டியதுதான்.

இந்த நோட்டை மூடுமுன் முதல் பக்கத்தைச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து சரி. மூன்றாவதன் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

நான்காவது தவறு. 'என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு, 'என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்' என்று திருத்தினேன். பேனாவால்.